தங்க முத்திரையும் ஒரு கேள்வியும்

கணினி அறிவியலில் முதுநிலைப் பட்டம் வாங்க வேண்டும் என்று ஐந்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேலையை விட முடியாது, அதனால் ஆன்லைன்தான். போன வருடம் ஒருவழியாகத் தேட உட்கார்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஓர் அமெரிக்கக் கல்லூரி. தளம் அவ்வளவு நேர்த்தி. ஒரே வருடத்தில் பட்டம், செய்த வேலைக்கும் மதிப்பெண் உண்டு என்றது. பக்கத்தின் அடியில் தங்க நிறத்தில் ஒரு வட்ட முத்திரை, 'முழு அங்கீகாரம் பெற்றது' என்று.

முத்திரையைச் சொடுக்கினேன். அங்கீகாரம் கொடுத்த அமைப்பின் தளம் திறந்தது. அதன் பட்டியலில் இந்தக் கல்லூரியின் பெயரும் இருந்தது. சரிபார்த்தாகிவிட்டது என்று மடிக்கணினியை மூடிவிட்டேன். ஒரு மாலை முழுக்க நிம்மதியாக இருந்தேன் என்பதை இப்போது சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் எங்கள் அலுவலகத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவில் இருக்கும் நண்பரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "சரி, அங்கீகாரம் கொடுத்தவங்களை யார் அங்கீகரிச்சிருக்காங்க?"

அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. அமெரிக்காவில் கல்லூரிகளுக்கு அரசு நேரடியாக அங்கீகாரம் கொடுப்பதில்லை. தனியார் அமைப்புகள்தான் கல்லூரியைப் பரிசோதித்துக் கொடுக்கின்றன. அந்த அமைப்புகளில் எவற்றை ஏற்கலாம் என்று பார்த்துப் பட்டியல் போடுவதுதான் கல்வித் துறையின் வேலை. அதேபோல அமைப்புகளை எடைபோடும் அரசு சாராத குழு ஒன்றும் உண்டு. 1996இல் தொடங்கிய அதைச் சுருக்கமாக சி.ஹெச்.இ.ஏ. என்கிறார்கள். இந்த இரண்டு பட்டியலில் ஒன்றிலாவது அமைப்பின் பெயர் இருக்க வேண்டும். ஏனென்றால் நாலு பேர் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கி, தங்கள் கல்லூரிக்குத் தாங்களே சான்று கொடுத்துக்கொள்வதும் நடக்கிறது.

நான் பார்த்த அமைப்பு இரண்டிலும் இல்லை. ஆனால் ஏறக்குறைய அதே பெயரில் ஒன்று இருந்தது! மூன்றாவது தடவை படித்தபோதுதான் நடுவில் ஒரு சொல் வேறு என்று தெரிந்தது. அப்புறம் கல்லூரியின் இணைய முகவரியையும் உற்றுப் பார்த்தேன். 'இ.டி.யூ' என்ற எழுத்துகள் இருந்தன, ஆனால் கடைசியில் இல்லை, நடுவில். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான 'டாட் இ.டி.யூ' முகவரியை, கல்வித் துறை ஏற்ற அமைப்பின் அங்கீகாரம் உள்ள கல்லூரிகளுக்கு மட்டுமே 2001 முதல் கொடுக்கிறார்கள். அதற்கு முன்பே வாங்கியவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டதால், அதையும் முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

கல்லூரியின் ஆலோசகரிடம் சாட்டில் கேட்டேன். நாங்கள் உலக அளவில் இயங்குகிறோம், அந்தப் பட்டியல் எங்களுக்குப் பொருந்தாது என்றார். மாநில அரசிடம் பதிவு செய்திருக்கிறோம் என்றார். பதிவு என்பது நிறுவனம் நடத்த அனுமதி, படிப்பின் தரத்துக்குச் சான்று இல்லை. பட்டத்தை அப்போஸ்டில் செய்தும் தருவோம் என்றார். இது கொஞ்சம் சாமர்த்தியமான தூண்டில். அப்போஸ்டில் என்பது ஆவணத்தை வெளிநாட்டில் காட்டுவதற்காக அரசு தரும் சான்று. அது, ஆவணத்தில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டும்தான் சொல்லும். போலிப் பட்டத்தின் நகலில் நோட்டரி போட்ட கையெழுத்தும் உண்மையான கையெழுத்துதானே. கடைசியாக, உங்கள் அங்கீகார அமைப்பை ஏற்றது யார் என்று நேராகவே கேட்டேன். பதிலுக்கு அதே தங்க முத்திரையின் படம் வந்தது, இன்னும் பெரிதாக.

இப்படிப்பட்ட இடங்களைப் பற்றித் தேடியபோது ஒரு பூனையின் கதை கிடைத்தது. 2004இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகம், டெக்சாஸிலிருந்து இயங்கிய ஓர் ஆன்லைன் 'பல்கலைக்கழக'த்துக்கு ஒரு பூனையின் பெயரில் விண்ணப்பம் போட்டது. 299 டாலர் கட்டி இளநிலைப் பட்டத்துக்கு விண்ணப்பித்த பூனை எம்.பி.ஏ.வே ஆகிவிட்டது. அதை வைத்தே வழக்குத் தொடுத்தார்கள். பூனைக்கும் வேலை அனுபவம் எழுதியிருந்தார்களாம்.

அடுத்த கல்லூரியைத் தேடும்போது திசையை மாற்றிக்கொண்டேன். கல்லூரியின் தளத்திலிருந்து தொடங்கவில்லை. அமெரிக்கக் கல்வித் துறையின் தரவுத்தளத்தில் தொடங்கினேன். 'டாபிப்' என்று சொல்வார்கள், இலவசம்தான். கல்லூரியின் முழுப் பெயரையும், அது இருக்கும் ஊரையும் சேர்த்துத் தேடினேன், ஏனென்றால் ஒரே மாதிரிப் பெயர்கள் ஏராளம். பெயர் வந்தது. யார் அங்கீகாரம் கொடுத்தார்கள், எந்தத் தேதியிலிருந்து, இப்போது நிலை என்ன என்று எல்லாம் இருந்தன. அங்கீகாரம் கொடுத்தது ஹையர் லேர்னிங் கமிஷன், கல்வித் துறை ஏற்ற அமைப்புகளில் ஒன்று.

அங்கேயும் நிறுத்தவில்லை, சூடு கண்ட பூனை ஆகிவிட்டேன். டாபிப்பில் இருக்கும் விவரங்களை அந்தந்த அமைப்புகளே அனுப்புகின்றன. அதனால் கமிஷனின் சொந்தத் தளத்திலும் கல்லூரியைத் தேடிப் பார்த்தேன். அடுத்த பரிசோதனை எந்த வருடம், கல்லூரி கண்காணிப்பில் வைக்கப்பட்டிருக்கிறதா, ஆன்லைன் படிப்புகளுக்கும் ஒப்புதல் உண்டா என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. 'விண்ணப்பித்திருக்கிறோம், விரைவில் கிடைத்துவிடும்' என்று இன்னொரு கல்லூரி எழுதியிருந்ததைப் பார்த்திருந்தேன். விண்ணப்பம் யாரும் போடலாம்.

தேதியை ஏன் பார்க்க வேண்டும் என்றால், சான்று கொடுக்கும் அமைப்பே கவிழலாம். ஏ.சி.ஐ.சி.எஸ். என்ற அமைப்புக்குக் கல்வித் துறை கொடுத்திருந்த ஏற்பு 2016இல் பறிபோய், 2018இல் திரும்பக் கிடைத்து, 2022 ஆகஸ்டில் மறுபடியும் போனது. அதை நம்பியிருந்த கல்லூரிகளுக்கு வேறு அமைப்பைத் தேட 18 மாதம் அவகாசம் கொடுத்தார்கள். படிப்பின் நடுவே இருந்த மாணவர்களை நினைத்துப் பாருங்கள்.

கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தால் ஒவ்வொரு படிப்புக்கும் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பொறியியலுக்கும் கணினிப் படிப்புகளுக்கும் ஏபெட் என்ற தனி அமைப்பு சான்று தருகிறது. என் படிப்புக்கு அது இல்லை. நண்பரிடம் கேட்டேன், மென்பொருள் வேலைக்கு அதை யாரும் கேட்பதில்லை என்றார், விட்டுவிட்டேன். செவிலியர், ஆசிரியர் மாதிரி உரிமம் வாங்க வேண்டிய தொழிலாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். எந்த மாநிலத்தில் வேலை பார்க்கப் போகிறோமோ அங்கே உரிமம் தரும் வாரியத்திடமே கேட்டிருப்பேன்.

பின்னால் முனைவர் பட்டம் படிக்கத் தோன்றினால்? அதற்காக இரண்டு பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதினேன். அங்கீகார அமைப்புகளை, சில மாநிலங்களை மட்டும் பார்த்துவந்த வட்டார அமைப்பு, நாடு முழுக்கப் பார்க்கும் தேசிய அமைப்பு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கத்தைக் கல்வித் துறை 2020இல் தன் விதிகளிலிருந்து எடுத்துவிட்டது. 'தேசிய' என்ற சொல்லைப் பார்த்து அதுதான் உசத்தி என்று நினைத்திருந்தேன், ஆனால் பல பல்கலைக்கழகங்கள் வட்டார அமைப்பின் சான்றைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு வந்த பதிலிலும் அதே வாசனை: 'வட்டார அங்கீகாரம் உள்ள கல்லூரியின் பட்டத்தை ஏற்போம், ஆனால் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.' ஹையர் லேர்னிங் கமிஷன் அந்த வட்டார வகைதான்.

இன்னொரு பல்கலைக்கழகம் பதிலே போடவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, டாபிப் பக்கத்தையும் கமிஷன் பக்கத்தையும் தேதியோடு பி.டி.எஃப். ஆகச் சேமித்து வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை அனுப்பினேன்.