காரோ-கான் கிளாசிக்கல்: போட்டியில் ஆடிப் பார்த்தது

செஸ்ஸில் கருப்பில் ஆடினால், வெள்ளை முதல் நகர்வாக இ4 (ராஜா முன் சிப்பாய் இரண்டு கட்டம்) ஆடும்போது அதற்கு எதிராக நெடுநாள் சிசிலியன் என்ற தொடக்கத்தைத்தான் ஆடி வந்தேன். வேலைக்கு நடுவே அதன் கிளைகளைப் படித்து மாளாது என்று காரோ-கானுக்கு மாறினேன். 1886இல் ஹொரேஷியோ காரோவும் மார்கஸ் கானும் அலசி எழுதிய டிஃபென்ஸ், அதாவது இ4-க்குக் கருப்பு சி6 என்று பதில் ஆடும் தொடக்கம். உலகச் சாம்பியன்கள் காபாபிளாங்கா, போட்வின்னிக், கார்போவ் எல்லோரும் நம்பி ஆடியது. 4வது நகர்விலேயே பிஷப்பை எஃப்5-இல் நிறுத்தும் கிளாசிக்கல் முறையை எடுத்துக்கொண்டேன்.

போன வாரக் கடைசியில், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ரேட்டிங் டோர்னமென்ட்டில் அது போர்டுக்கு வந்தது. ஆளுக்கு 90 நிமிடம், நகர்வுக்கு 30 விநாடி கூடுதல். எதிரே ஒரு பள்ளிக்கூடப் பையன், ரேட்டிங்கில் என்னைவிட மேலே.

எதிர்பார்த்தபடியே எச்4, அப்புறம் எச்5 என்று சிப்பாயைத் தள்ளி என் பிஷப்பை எச்7-க்கு விரட்டினான். இன்னொரு உலகச் சாம்பியன் ஸ்பாஸ்கி பெயரில் வழங்கும் வழி. பிஷப்புகள் வெட்டுப்பட்டன. அவன் ராணிப் பக்கம் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) செய்தான். பழைய ஆட்டங்களில் கருப்பும் அந்தப் பக்கமே போகும். நான் இப்போதைய வழக்கப்படி ராஜா பக்கம். எச்5 சிப்பாய் என் ராஜாவுக்கு நேரே முள்ளாக நிற்கிறது. ஜி4, ஜி5 என்று வந்தால் ஆபத்துதான். ஆனால் ராணிகள் இருந்தால்தானே!

16வது நகர்வில் ராணியை டி5-க்குக் கொண்டுவந்தேன். அவன் குதிரை இ5-க்கு ஏறியதும் ராணியை இ4-இல் வைத்தேன், வெட்டிக்கொள் என்று. வெட்டினான். அதோடு தாக்குதல் பேச்சு முடிந்தது. சி5 தள்ளி மற்ற காய்களையும் மாற்றிக்கொண்டோம். ஆளுக்கு ஒரு யானை மிச்சம்.

டிரா என்று நினைத்தானோ என்னவோ, இ7-இல் யானையையும் மாற்றினான். நான் ராஜாவால் வெட்டினேன். இப்போது அந்த எச்5 சிப்பாயைக் காக்க ஆளில்லை. அவன் ராஜா இன்னும் பி1 மூலையில். என் ராஜா எஃப்6, ஜி5, அடுத்து எச்5. மூன்றே நகர்வு. சி சிப்பாயை ஓடவிட்டுப் பார்த்தான். என் எச் சிப்பாய் முந்திக்கொண்டது. தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டான்.

உலகச் சாம்பியன் கேஸ்பரோவ் 1997இல் டீப் புளூ கம்ப்யூட்டரிடம் 19 நகர்வில் தோற்றதும் காரோ-கானில்தானே என்று நண்பர் ஒருவர் சீண்டினார். அங்கே 4வது நகர்வு குதிரை டி7. இந்தக் கிளையே இல்லை.

அடுத்த ரவுண்டில் எதிராளி 3வது நகர்விலேயே இ5 தள்ளிவிட்டார். அட்வான்ஸ் வேரியேஷன் தனிக் கதை. இந்த வாரம் போர்டில் அதைத்தான் வைத்திருக்கிறேன்.