கரி வாங்கும் முன் நீரைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே மெர்பேங்க், இசிப்பிங்கோ பக்கத்துக் கரையோர மணலில் அதிக ஆழம் போகாமலே நீர் கிடைத்துவிடும். குழாயில் தண்ணீர் நிற்கும் நாளில் போர்ஹோல் எனும் துளைக்கிணறுதான் துணை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமான பிறகு அது எவ்வளவு பெரிய துணை என்று எல்லோருக்கும் தெரிந்தது. இந்த நீரில் தீயணைப்பு நுரையின் இரசாயனம் இருக்கிறதா என்று கேட்காமல் குடிக்கலாமா என்பதே எங்கள் கவலை. எண்ணெய்க் கிடங்கோ விமான ஓடுதளமோ தீயணைப்புப் பயிற்சித் திடலோ அருகில் இருந்தால், அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

பெட்ரோல் தீயை அணைக்கும் பழைய வகை நுரை, 97 பங்கு நீரில் 3 பங்கு மூலக்கரைசலைக் கலந்து அடிப்பது. எரிபொருள் மேல் மெல்லிய நீர்ப்படலமாகப் பரவும் ஆற்றலை அதற்குத் தந்தவை பீஃபாஸ் (PFAS) எனப்படும் ஃபுளோரின் சேர்மங்கள். அவற்றில் பி.எஃப்.ஓ.எஸ். 2009-லும் பி.எஃப்.ஓ.ஏ. 2019-லும் எளிதில் அழியாத நச்சுச் சேர்மங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தப் பட்டியலில் ஏறின. குடிநீரில் இவை ஒவ்வொன்றுக்கும் அமெரிக்கா 2024-இல் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். அந்தக் கணக்கில் ஒரே மில்லிகிராம் பி.எஃப்.ஓ.எஸ். 2,50,000 லிட்டரை வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். கொதிக்க வைத்தால் போகாது. நீர் ஆவியாகும், சேர்மம் தங்கும்.

அளவு இவ்வளவு நுண்ணியது என்பதால் மாதிரி எடுப்பதிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது. பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் பாட்டில் மட்டும் பயன்படுத்த வேண்டும். கண்ணாடியில் இச்சேர்மங்கள் ஒட்டிக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டலாம். டெஃப்லான் நாடா சுற்றிய இணைப்பு, நீர்புகா மேலங்கி போன்றவை இல்லாத பீஃபாஸைக் கூட்டிக் காட்டலாம். பீஃபாஸ் அற்ற நீர் நிரப்பிய ஒரு பாட்டிலைக் களத்தில் திறந்து வேறொன்றில் ஊற்றி, அதையும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதிலும் சேர்மம் தெரிந்தால் அன்றைய முடிவுகளை அப்படியே நம்ப வழியில்லை.

பீஃபாஸ் அளவு தெரிந்ததும் பலர் நேரே, அதை நீரிலிருந்து பிடித்துவைக்கும் செயலூட்டிய கரிக்கு விலை கேட்கிறார்கள். அதற்கு முன் இரும்பு, மாங்கனீஸ், கரிமப் பொருள், குளோரைடு, சல்பேட், நைட்ரேட் ஆறையும் பார்த்தே தீரவேண்டும். கரித்தொட்டி வேகமாகச் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் பீஃபாஸ் அல்ல, கூட வரும் மற்றவைதான்.

இரும்பை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 10 கன மீட்டர் நீர், கரியில் தங்கும் நேரம் 10 நிமிடம் என்றால் ஒரு தொட்டிக்குச் சுமார் 1.7 கன மீட்டர் கரி வேண்டும். எடையில் ஏறக்குறைய 800 கிலோ. நீர் மேலிருந்து கீழிறங்கும்போது மேல் அடுக்கு முதலில் நிறையும், நிறைந்த எல்லை மெல்லமெல்லக் கீழே நகரும். அந்த அடுக்கு வரிசை கலையாமல் இருப்பதுதான் கரியின் ஆயுள். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வந்தால் படுகை அடைக்கும், அழுத்த வேறுபாடு ஏறும், கடைசியில் பேக்வாஷ் (கீழிருந்து மேலாக நீரைப் பாய்ச்சிக் கழுவுவது) செய்தே ஆகவேண்டும். பேக்வாஷ் நிறைந்த கரியையும் புதுக் கரியையும் ஒன்றாகக் கலக்கிவிடும். நிறைந்த துகள் வெளிவாயில் அருகே போய்ச் சேர்ந்தால், பாதி ஆயுள் மீதமிருக்கும்போதே பீஃபாஸ் வெளியே தெரியும். ஆகவே புதுக் கரியை 24 மணி நேரம் ஊறவைத்து, தூள் போக ஒருமுறை நன்றாகக் கழுவிவிட்டு, அப்புறம் முடிந்தவரை தொடாமல் விடுவதே நல்லது.

இரும்பை எடுக்கக் காற்றூட்டித் தொட்டியும் மணல் வடிப்பானும் போதும். அங்கே ஒரு கவனம் வேண்டும்: பீஃபாஸ் மிகுந்த நீரில் காற்றை அடித்தால் மேலே திரளும் நுரையில் அது செறிந்து ஏறும். இதையே முறையாகச் செய்து பி.எஃப்.ஓ.எஸ். போன்ற நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட சேர்மங்களைப் பிரித்தெடுப்பதும் உண்டு. அந்த நுரையை வழித்துச் சாக்கடையில் விட்டால் சுத்திகரிப்பே வீண்.

தொட்டிகள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டுக்கும் நடுவே மாதிரிக் குழாய் கட்டாயம். முதல் தொட்டியின் வெளிநீரில் சேர்மம் தலைகாட்டியதும் அதன் கரியை மாற்றி, இரண்டாவதை முதலிடத்துக்கு வால்வு திருப்ப வேண்டும். மாதந்தோறும் சோதனைச் செலவு கூடுதல் என்று நடுக்குழாயை விட்டுவிட்டுக் கடைசிக் குழாயை மட்டும் பார்ப்பவர்கள், செய்தி வரும்போது வீட்டுக் குழாய்களில் ஏற்கெனவே அந்த நீர் போயிருக்கும் என்பதை நினைக்க வேண்டும்.

கார்பன் சங்கிலி குட்டையான பீஃபாஸ் சேர்மங்கள் கரியில் நிலைக்காது. பி.எஃப்.ஓ.எஸ். வந்து அவற்றை இடத்தைவிட்டுத் தள்ளும்போது, உள்ளே வந்ததைவிட அதிகமாகவே வெளியே காட்டும். அதைக் கண்டு ஆய்வகத்தைக் குறைசொல்ல வேண்டாம். அவை மிகுந்த நீருக்கு, கரைந்த அயனிகளைப் பிடித்துவைக்கும் அயனிப் பரிமாற்ற ரெசின் பொருந்தும், 2 முதல் 3 நிமிடம் தங்கினால் போதும். ஆனால் கடற்கரை நீரின் குளோரைடும் சல்பேட்டும் ரெசினில் இடம் கேட்கும், குளோரின் மிச்சம் ரெசினைச் சிதைக்கும். எதிர் ஊடுபரவல் (ஆர்.ஓ.) சவ்வு ஏறக்குறைய எல்லாவற்றையும் தடுக்கும். ஆனாலும் கழிவாக வரும் செறிந்த நீரில் பீஃபாஸ் அப்படியே இருக்கும்.

கரியும் ரெசினும் சவ்வும் பீஃபாஸை அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றன. அழிக்க 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரிக்கும் உலை வேண்டும், அல்லது 374 டிகிரிக்கும் 221 பார் அழுத்தத்துக்கும் மேலே நீரிலேயே ஆக்சிஜனேற்றும் இயந்திரம் வேண்டும். பழைய கரியைச் சாதாரணக் குப்பைமேட்டில் கொட்டினால் கோடை மழையில் கசிவு நீராகத் திரும்பும். பயிற்சித் திடலின் மண்ணும் அப்படித்தான். அதை அகற்றாமலோ மூடாமலோ நீரை மட்டும் இறைத்தால் ஒவ்வொரு மழைக்கும் மாசு புதிதாக இறங்கும். முதல் லாரி கரியை இறக்குவதற்கு முன்பே, பயன்படுத்திய கரியை யார், எந்த உலைக்கு, எந்த மூடிய டிரம்மில் எடுத்துப்போவார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.