நானோவிஎன்ஏ-வுக்கு பிவிசி குழாயில் ஒரு பெட்டி

ஆண்டெனா அளக்கும் நானோவிஎன்ஏ என்ற என் சின்னக் கருவிக்குப் பெட்டி செய்யும் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன், மற்ற ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களுக்கும் உதவும்.

திரை உடையும் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். ஆனால் இதில் முதலில் தேய்வது, கேபிளைத் திருகி மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டர்கள். சுமார் 500 தடவை மாட்டிக் கழற்றத்தான் அவை செய்யப்பட்டவை. வீட்டு மேசையில் அது தாராளம். மதுரையில் கீழக்குயில்குடிப் பக்கம் சமணர் மலை அடிவாரத்துக்கு எடுத்துப் போனால் கதை வேறு. அங்கே தடித்த ஆர்ஜி-213 கேபிளின் கனம் மொத்தமும் போர்டில் பற்றவைத்த அந்தச் சின்ன கனெக்டரில் தொங்கும். அதனால் தூசியையும் அடியையும் தடுப்பதோடு, கேபிளின் இழுப்பையும் பெட்டியே தாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எவர்சில்வர் டப்பாவை யோசித்தேன். அதில் துளை போடுவது பெரும்பாடு, சித்திரை வெயிலில் கையை வைக்கவும் முடியாது. பிவிசிதான் சரி. 110 மி.மீ. கழிவுநீர்க் குழாயை நீளவாக்கில் அறுத்து விரித்தால் ஏறக்குறைய 34 செ.மீ. அகலத்தில் தகடு கிடைக்கும். தெருவில் பிளம்பிங் வேலை பார்க்கும் அண்ணன் மிச்சத் துண்டு கொடுத்தார். "அடுப்புல வாட்டாதீங்க தம்பி, ஒரு பக்கம் கருகிப்போகும்" என்றார். உண்மைதான். 80 டிகிரி வாக்கிலேயே பிவிசி இளகத் தொடங்கிவிடும். கருகினால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலுக்குக் கெடுதல். மொட்டைமாடியில் ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) வைத்து நிதானமாக இளக்கி, இரண்டு கடப்பாக்கல்லுக்கு நடுவே ஆறவிட்டேன். தகடு நன்றாகவே படிந்தது. பிவிசி சால்வென்ட் போட்டு ஒட்டியாயிற்று.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி பக்கச் சுவர். அதில் இரண்டு பிஎன்சி சாக்கெட் (திருப்பிப் பூட்டும் கனெக்டர்) பதித்து, உள்ளே 10 செ.மீ. மெல்லிய ஆர்ஜி-316 கேபிளால் கருவியோடு இணைத்தேன். எஸ்எம்ஏ-வை இனிக் கழற்றவே வேண்டாம். ஆனால் காலிபரேஷனை (கருவியின் அளவைச் சரிசெய்வதை) பிஎன்சி முனையில் புதிதாகச் செய்தே ஆக வேண்டும். இந்தச் சின்னக் கேபிளே 145 மெகாஹெர்ட்ஸில் ஸ்மித் வரைபடத்தை (ஆண்டெனாவின் மின்மறுப்பைக் காட்டும் வட்டப் படம்) சுமார் 50 டிகிரி சுழற்றிவிடும். எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) பெரிதாக மாறாது, மின்மறுப்பின் இரு பகுதிகளான ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸும் தப்பாகக் காட்டும். காலிபரேஷனுக்கு மாட்ட வேண்டிய 50 ஓம் லோடுக்குப் பழைய கோஆக்சியல் ஈத்தர்நெட் வலையமைப்பில் இருந்த பிஎன்சி டெர்மினேட்டர் அருமையாகப் பொருந்துகிறது. டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதற்கே வேண்டிய ஷார்ட்டுக்கு, ஒரு பிஎன்சி பிளக்கின் நடு ஊசியை வெளிக்கூட்டோடு சேர்த்துப் பற்றவைத்தேன்.

அந்த ஷார்ட் பிளக்கைச் சங்கிலியில் கோத்து முதல் போர்ட்டில் மூடியாகவே போட்டிருக்கிறேன். காற்றில் நிற்கும் ஆண்டெனாக் கம்பியில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும், நானோவிஎன்ஏ-வின் உள்ளீட்டுக்கு அதைத் தாங்கும் தெம்பு இல்லை. ஆண்டெனாக் கேபிளின் நடுக்கம்பியை ஒரு கணம் அதன் வெளி உலோகக் கூட்டோடு தொடவிட்டு, பிறகே மாட்ட வேண்டும். இதே காரணத்தால் உள்ளே தெர்மாகோலும் வைக்கவில்லை. ஐசி-கள் (எலக்ட்ரானிக் சிப்கள்) வைத்து வரும், நிலைமின்சாரம் சேராத இளஞ்சிவப்பு ஃபோம்தான். ஆன்-ஆஃப் சுவிட்சுக்கு மேலே மட்டும் ஃபோமை வெட்டிப் பள்ளம் விட்டேன், இல்லையென்றால் பைக்குள் உரசியே ஆன் ஆகி பேட்டரி தீர்ந்துவிடும்.

மூடியைத் திறந்து நிமிர்த்தினால் அதுவே வெயில் மறைப்பு. உள்பக்கம் பளபளப்பில்லாத கறுப்பு பெயிண்ட் அடித்ததும் உச்சிவெயிலிலும் திரை தெரிகிறது.

மிச்சம் இருப்பது மூடி விளிம்புக்கு ரப்பர் பீடிங், அப்புறம் சார்ஜ் வயருக்கு ஒரு வழி. மூடி திறந்திருந்தால்தான் வயர் நுழையும்படி அதை வைக்கப் போகிறேன். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, நம்ம ஊர் மே மாதத்தில் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும்.