மாமா தின்ற செவ்வரத்தை

திருகோணமலையில் மானைப் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. பிரெட்றிக் கோட்டை வாசலில் நிற்கும், கடற்கரைப் பக்கம் படுத்துக் கிடக்கும், இருட்டினால் ஒழுங்கைக்குள் இறங்கி வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும். வெளியூர்க்காரர் பிஸ்கட்டை நீட்டிப் படம் எடுப்பார்கள். செடி வைத்திருக்கிறவனுக்குத்தான் அந்தப் புள்ளிமானின் மறுபக்கம் தெரியும்.

போன மாதம் ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் என் செவ்வரத்தை வெறும் தடியாக நின்றது. மொட்டுக்கூட மிச்சமில்லை. வேலியில் இரண்டு கிடுகு சரிந்திருந்தது. பல் விளக்காத வாயும் விளக்காத கோபமுமாக, எங்கள் ஒழுங்கையின் வட்ஸ்அப் குரூப்பில் மூன்று வரி தட்டினேன். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, அதை அப்படியே மறந்து வேலைக்கு ஓடிவிட்டேன்.

மத்தியானம் சாப்பிட வந்து பார்த்தால் 83 செய்தி. யாராவது செத்தால்தான் அந்தக் குரூப்பில் இத்தனை வரும். பயந்துகொண்டே மேலே தள்ளிக்கொண்டு போனேன். உச்சியில் நான் எழுதியதுதான் இருந்தது:

"இரவு மாமா வேலியை இடித்துக்கொண்டு வந்து செவ்வரத்தையை மொட்டோடு தின்றுவிட்டுப் போயிருக்கிறது. இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். எல்லாரும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்."

போனைக் குற்றம் சொல்ல முடியாது. மூலைவீட்டு மாமா, ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், தினமும் விடிய நாலரைக்கு கோணேசர் கோயிலுக்குப் பின்னால் சூரியன் எழும் படம் ஒன்றைக் குரூப்பில் போடுவார். மற்றவர்கள் கும்பிடு பொம்மையோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் மட்டும் ஒரு நாளும் தவறாமல் "காலை வணக்கம் மாமா" என்று எழுதுவேன். மூன்று வருஷ மரியாதை. அதைத்தான் போன் மனப்பாடம் செய்து வைத்திருந்தது. 'மா' என்று தொடங்கியதும் மாமாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டது.

முதல் பதில் அவருடையது. "தம்பி, கருத்துச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உயர்திணை எழுவாய்க்கு 'போயிருக்கிறது' என்று அஃறிணைப் பயனிலை போட்டது எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது?"

தின்றது என்ற குற்றச்சாட்டை அவர் பொருட்படுத்தவே இல்லை, கவனியுங்கள்.

அதற்குக் கீழே, விஷயம் மான் என்று விளங்கிக்கொண்ட ஒரே ஒரு பெடியன்: "அண்ணா, அடிச்சுக் கிடிச்சுப் போடாதீங்க. பாதுகாக்கப்பட்ட விலங்கு. 1937இல இருந்தே சட்டம் இருக்கு. வனசீவராசிக்காரருக்குச் சொல்லுங்க, பிடிச்சுக்கொண்டு போவாங்க."

மாமா: "யாரைப் பிடிச்சுக்கொண்டு போறது?"

பிறகு ஒரு அக்கா, நல்ல மனசோடு: "மிளகாய்த்தூளைக் கரைச்சுத் தெளியுங்கோ. பிறகு அந்தப் பக்கம் தலை வைக்காது. எங்கட வீட்டில அப்படித்தான் நிப்பாட்டினது." அடுத்த வரியில் அவருடைய கணவர் குரூப்பிலிருந்து வெளியேறியிருந்தார். அவரையும் ஒழுங்கையில் எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்வீட்டு மாமா, யாரும் கேட்காமலே, கிடுகு சரிந்தது தன் சைக்கிள் பட்டுத்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் எந்த வாக்குவாதமும் கடைசியில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த 1622இல் போய் நிற்கும். இதுவும் போய் நின்றது. அந்தக் கல்லில் கட்டிய கோட்டைக்கு 1803இல் ஆங்கிலேயர் பெயர் வைத்தது வரைக்கும் இரண்டு பேர் மரியாதையாக, 'ஐயா' போட்டு, ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

அனுப்பியதைத் திருத்த வட்ஸ்அப் 15 நிமிடம்தான் தரும். எனக்கோ அஞ்சு மணித்தியாலம் போய்விட்டது. அழிக்கலாம். ஆனால் அழித்த இடத்தில் 'நீக்கப்பட்டது' என்று ஒரு தழும்பு நிற்குமே, அதைப் பார்க்கிறவர்கள் இன்னும் மோசமாக ஏதோ எழுதியிருந்தேன் என்று நினைப்பார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். மாமா இல்லை, மான். மான். மான்.

பின்னேரம் மூலைவீட்டுக்கு நேரிலேயே போனேன். குரூப்பில் இலக்கணத்தால் அடித்த மனிதர், "வாங்கோ தம்பி, இருங்கோ" என்று இஞ்சி போட்ட பிளேன்டி தந்தார். நான் விளக்கினேன். சிரித்தார். அப்புறம் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். என் கண் போன இடம் அப்படி. சாமித்தட்டில் வெள்ளை வெளேரென்று நாலு நந்தியாவட்டைப் பூ. இந்த ஒழுங்கையில் நந்தியாவட்டை இருப்பது என் வீட்டில் மட்டும்தான்.

"செவ்வரத்தையை நான் தொட்டதே இல்லை, தம்பி" என்றார், குரல் தாழ்ந்து. "இதில மட்டும் நாலு பூ. விடிய நாலேகாலுக்கு. பிடுங்கிக்கொண்டு வந்து வைச்சுப்போட்டுத்தான் படம் அனுப்புறனான்."

எத்தனை வருஷமாக என்று கேட்கவில்லை. படம் வரத் தொடங்கியது எப்போது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் வணக்கம் வேறு சொல்லியிருக்கிறேன். பிளேன்டியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் நாலரைக்குப் படம் வந்தது. அரைத் தூக்கத்தில் வழக்கம்போலப் பதிலைத் தட்டி அனுப்பிவிட்டுத்தான் பார்த்தேன். முதல் நாள் முழுக்க நான் எழுதியதைப் போன் படித்திருந்தது. "காலை வணக்கம் மான்."

இரண்டு நிமிடம் சத்தமில்லை. பிறகு பதில் வந்தது, குரூப்பில், எல்லாரும் பார்க்க:

"வணக்கம் தம்பி. இன்றைக்கும் நாலு பூப் பிடுங்கியிருக்கிறது."