லீகல் எய்டு பேனலில் சேர்ந்தேன்: விண்ணப்பம் முதல் புழல் வரை

"பீஸ் வாங்காமல் ஏழைகளுக்கு கேஸ் நடத்த ஆசைதான், ஆனால் யாரைப் போய்க் கேட்பது?" பாரிமுனை டீக்கடையில் ஜூனியர்கள் இப்படிக் கேட்பது வழக்கம். சேம்பருக்குத் தற்செயலாக வந்து சேரும் ஏழைக்கு உதவுவது ஒரு வழி. ஆனால் நம்முடைய உதவி யாருக்கு ரொம்பவே தேவையோ அவருக்கு நம் சேம்பரின் முகவரி தெரியாது. அவரை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்க அரசியல் சட்டமே ஒரு ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. அதில் நான் எப்படிச் சேர்ந்தேன், உள்ளே போனபின் என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். யோசித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படட்டும்.

1976-ல் நடந்த 42-வது திருத்தத்தில் 39ஏ பிரிவு வந்தது. பணம் இல்லை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்கு இலவச சட்ட உதவியை அரசு தர வேண்டும் என்பது அதன் சாரம். அதைச் செயலுக்குக் கொண்டுவந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-ல் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. சென்னையில் மூன்று இடங்கள் இருக்கின்றன: மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு, உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு, சென்னை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. ரிட், அப்பீல் பார்ப்பவர்களுக்கு உயர் நீதிமன்றக் குழு சரியாக இருக்கும். கீழ்க் கோர்ட்டுகளில் ஓடுகிறவர்களுக்கு மாவட்ட ஆணைக்குழுதான். நான் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று சுற்றுகிறவள். அதனால் மாவட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

சட்ட உதவி கேஸ்களை நடத்த ஆணைக்குழு வைத்திருக்கும் வக்கீல்கள் பட்டியல்தான் பேனல். அதில் சேரக் குறைந்தது 3 வருட அனுபவம் வேண்டும் என்று தேசிய ஆணைக்குழுவின் 2010-ம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. அதற்கு முன்னாலேயே ஆர்வம் இருந்தும் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு நியாயமானது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் வக்கீல் என்றால் கற்றுக்குட்டி என்ற எண்ணம் மக்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை உண்மையாக்கிவிடக் கூடாது.

விண்ணப்பம் பெரிய கஷ்டம் இல்லை. அறிவிப்பு வரும்போது பார் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் நகல், அனுபவச் சான்று, எந்தத் துறையில் வேலை செய்கிறோம் என்ற விவரம் எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்தேன். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. சீனியரிடம் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு பகல் சேம்பர் வேலையிலிருந்து போய்விடும். கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் குறையும். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் பார் கவுன்சில் விதியைச் சொன்னார். தன் வசதிக்கு உட்பட்டு எளியவர்களுக்கு இலவச சட்ட உதவி செய்வது வழக்கறிஞர் சமூகத்துக்குச் செய்ய வேண்டிய உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று 46-வது விதி சொல்கிறது. "போம்மா, ஆனால் எடுத்த கேஸை நடுவில் விடாதே" என்றார். அந்த வார்த்தைக்கு எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று பிறகு புழல் சிறையில் புரிந்தது.

நேர்காணலில் சட்டப் பிரிவுகளைவிட நடைமுறையைத்தான் அதிகம் கேட்டார்கள். ரிமாண்டின்போது என்ன பார்ப்பீர்கள், ஜீவனாம்ச வழக்கில் முதலில் என்ன மனு போடுவீர்கள் என்கிற மாதிரி. கட்சிக்காரரிடம் எந்த வகையிலும் பணம் வாங்கக் கூடாது என்பதை அழுத்திச் சொன்னார்கள். ஆணைக்குழு ஒரு மதிப்பூதியம் தரும். அது சிறிய தொகை, வேலை முடிந்து அறிக்கை கொடுத்த பிறகு வருவது. இதை முன்னாலேயே தெரிந்துகொண்டு வருவது நல்லது.

அப்புறம், உதவி கேட்டு வருகிறவர்களை முதலில் சந்திக்கும் முன் அலுவலகத்தில் முறைவைத்து உட்கார வேண்டியிருந்தது. அங்கே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பே கிடையாது. 1987 சட்டத்தின் 12-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. "என் வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே, எனக்குத் தருவார்களா?" என்று கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்ற பெண்கள் உண்டு. அந்த வீட்டுக்காரர் மேல்தான் அவர்கள் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட வந்திருப்பார்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "உங்களுக்கு உரிமை இருக்கிறதும்மா, சம்பளச் சீட்டெல்லாம் வேண்டாம்" என்று சொன்னால் முகமே மாறிவிடும்.

சிறைக்குப் போகும் பட்டியலில் என் பெயர் வந்தபோதுதான் இந்த வேலையின் உண்மையான கனம் தெரிந்தது.

சிறையில் உறவினர்கள் கைதியைச் சந்திப்பதை மனு பார்ப்பது என்பார்கள். புழலுக்குப் போனால் மனு பார்க்க வந்து வெயிலில் நிற்கும் குடும்பங்களைத்தான் முதலில் பார்ப்பீர்கள். கையில் பழம், பிஸ்கட், மாற்றுத் துணி. சட்ட உதவி மையத்துக்கு வருகிறவர்களில் பலருக்கு அப்படி மனு பார்க்க யாருமே வருவதில்லை. உள்ளே படித்த தண்டனைக் கைதிகள் சிலருக்குப் பயிற்சி கொடுத்துச் சட்டத் தன்னார்வலர்களாக வைத்திருக்கிறார்கள். யாருக்கு வக்கீல் இல்லை, யார் வாய்தா தேதி தெரியாமல் இருக்கிறார் என்பதை எங்களுக்கு எடுத்துச் சொல்வது அவர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் வேலை பாதிகூட நடக்காது.

அப்படி ஒரு தன்னார்வலர் கூட்டிவந்தவர்தான் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒரு இளைஞர். திருட்டு வழக்கு. ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம். "எனக்கு ஜாமீன் ஆயிடுச்சுன்னு சொன்னாங்க மேடம். ஆனா வெளிய விடல" என்றார். முதலில் பார்த்த வக்கீல் ஜாமீன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பீஸ் வராததால் அதற்குமேல் அவர் வரவில்லை. ஏன் விடவில்லை என்று இவருக்கு யாரும் சொல்லவில்லை.

வழக்கு எண்ணை வாங்கிக்கொண்டு வந்து நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உத்தரவை எடுத்துப் படித்தேன். தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். அதில் ஒருவர் ரத்த உறவு. இருவரும் சென்னையில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும். இவருடைய ரத்த உறவு அத்தனையும் செங்கம் பக்கம் ஒரு கிராமத்தில். சென்னையில் இவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் இவரைப் போலவே மார்க்கெட்டில் படுத்துத் தூங்குகிறவர்கள். ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதும் வைத்திருக்கும் ஒருவர் இவருக்காகக் கையெழுத்துப் போட வருவாரா? ஆக, ஜாமீன் உத்தரவு என்று ஒரு தாள் இருந்தது. அதை நிறைவேற்ற வழியே இல்லை.

நமக்கு வாதாடத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஜாமீன் மனுவில் உத்தரவு வந்ததும் அந்தக் கட்டை மூடிவிடுவது பழக்கம். வசதியுள்ள கட்சிக்காரர் என்றால் மீதியைக் குமாஸ்தாவும் குடும்பமும் பார்த்துக்கொள்வார்கள். ஏழைக்கு அந்த மீதிதான் முழு வழக்கும். கோர்ட்டு அவரை விடச் சொன்ன பிறகும் அவர் உள்ளே இருக்கிறார் என்றால், அந்த உத்தரவால் அவருக்கு என்ன கிடைத்தது?

இதை உச்ச நீதிமன்றமும் பார்த்திருக்கிறது. 1978-லேயே மோதிராம் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், ஏழைத் தொழிலாளியிடம் பெரிய தொகைக்கு ஜாமீன் கேட்பதையும் வேறு மாவட்டத்து ஜாமீன்தாரர் என்று தள்ளுவதையும் கண்டித்திருக்கிறார். 2023 ஜனவரி 31-ல் அதே நீதிமன்றம் போட்ட உத்தரவு நடைமுறைக்கு இன்னும் உதவுவது. ஜாமீன் கிடைத்து 7 நாளுக்குள் கைதி வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிபந்தனை தாமதத்துக்கு ஒரு காரணம், அதைத் தவிர்க்கலாம் என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. லீகல் எய்டில் இருக்கும் ஒவ்வொரு வக்கீலும் அதன் நகலைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

சிறை வழியாக விண்ணப்பம் போய், ஆணைக்குழுவிலிருந்து நியமன ஆணை வந்தது. வக்காலத்தில் அவர் கையெழுத்தைச் சிறை அதிகாரியின் சான்றொப்பத்தோடு வாங்கினேன். நிபந்தனையைத் தளர்த்தக் கோரும் மனுவில் மார்க்கெட்டையும் கிராமத்தையும் பற்றித்தான் அதிகம் எழுதினேன். சட்டம் ஒரு பத்தியில் முடிந்துவிட்டது.

அடுத்து ஜாமீன்தாரர். அவருடைய அக்காவின் நம்பரை ஒரு மூட்டை தூக்குபவர் மூலமாகக் கண்டுபிடித்தோம். தம்பி ஜெயிலில் இருப்பது ஊரில் தெரிந்துவிடுமே என்று முதலில் பயந்தார். பிறகு வந்தார். எல்லாத் தாளையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தார். ஆதார் சரியாக இருந்தது. ரேஷன் கார்டு கணவர் பெயரில், அதில் இவர் பெயரும் உண்டு. வீட்டு வரி ரசீதுதான் இறந்துபோன அப்பாவின் பெயரில் இருந்தது. கோர்ட்டில் அதைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டால் செங்கம் போய் மறுபடி வர வேண்டும். அன்றைய கூலி போய்விடும், பஸ் செலவும் வீண். அதனால் கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம், இன்னாரின் மகள் இவர், இந்த வீட்டில் குடியிருக்கிறார் என்று சான்று வாங்கிவரச் சொல்லியிருந்தேன். அந்தத் தாள்தான் காப்பாற்றியது.

மாஜிஸ்திரேட் பொறுமையாகக் கேட்டார். சென்னை ஜாமீன்தாரர் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, அக்காவின் ஜாமீனும் அந்த இளைஞரின் சொந்தப் பிணையும் போதும் என்று உத்தரவிட்டார். ஜாமீன் பத்திரம் கொடுத்த அன்று அக்காவை நிறுத்தி, "உங்களுக்கும் இவருக்கும் என்ன உறவு? ஓடிப்போனால் நீங்கள் பணம் கட்ட வேண்டும், தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும்யா. கூடப் பொறந்தவன்" என்றார். அவ்வளவுதான். உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர மாலை ஆகிவிட்டதால் மறுநாள் காலையில்தான் விட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்குத் தவறாமல் வருகிறார்.

அதன் பிறகு சிறைக்குப் போகும்போதெல்லாம் என் முதல் கேள்வியே மாறிவிட்டது. "வக்கீல் இருக்காரா?" என்று கேட்பதற்கு முன்னால், "ஜாமீன் ஆகியும் உள்ளே இருக்கிறவங்க யாராவது உண்டா?" என்று கேட்கிறேன். கிட்டத்தட்ட எப்போதும் யாராவது இருப்பார்கள். ஏழைக் கைதிகளுக்காக 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் விசாரணைக் கைதிக்குப் பண உதவி கிடைக்க வழி இருக்கிறது. கோர்ட்டில் பணம் கட்டச் சொல்லியிருந்தால் அது உதவும். ஜாமீன்தாரரைக் கேட்டிருந்தால் நிபந்தனையைத் தளர்த்த மனு போட்டுத்தான் ஆக வேண்டும். விசாரணைக் கைதியாகவே நீண்ட நாள் இருப்பவர்களுக்கு புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவையும் பாருங்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் பொதுவாக ஜாமீன் பெறலாம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

சிறை எல்லாருக்கும் ஒத்துவராது. மக்கள் நீதிமன்றத்தில் நீதிபதியோடு வக்கீல் உறுப்பினராக உட்காரலாம். விபத்து இழப்பீடு, செக் கேஸ்கள் அங்கே நிறைய முடிகின்றன. கட்டிய கோர்ட் பீஸும் கட்சிக்காரருக்குத் திரும்பக் கிடைக்கும். கண்ணகி நகர் மாதிரி மறுகுடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் இடங்களில் நடக்கும் சட்ட உதவி முகாம்களுக்குப் போகலாம். அங்கே பேச்சைச் சுருக்கமாக முடித்துவிட்டு, வாரிசுச் சான்றிதழ், ஒதுக்கீட்டு ஆணை என்று தாள்களோடு நிற்கும் மக்களுக்கு நேரம் கொடுங்கள். அவர்கள் அதற்காகத்தான் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

பேனல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க விருப்பமில்லாதவர்கள் மத்திய நீதித் துறை 2017-ல் தொடங்கிய நியாய பந்து திட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அதில் மதிப்பூதியம் கிடையாது, முழுக்க இலவசச் சேவை. உதவி தேவைப்படுகிறவரை உங்கள் துறையைப் பார்த்து அனுப்புவார்கள். யாராவது உங்களிடம் உதவி கேட்டு, உங்களால் எடுக்க முடியவில்லை என்றால் சட்ட உதவி எண் 15100-ஐக் கொடுத்து அனுப்புங்கள்.

விண்ணப்பத்தில் துறையைக் கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கிரிமினல் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். குடும்ப வழக்கு, வாடகை வழக்கு, தொழிலாளர் வழக்கு எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படுகிறது. வாரத்தில் எந்த நாள் தர முடியும் என்பதைச் சீனியரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டு, பிறகு விண்ணப்பியுங்கள்.