மல்லிக்குத் துணையாக வந்த வெள்ளாடுகள்

அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கிய செவலைக் குதிரை மல்லியை, வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில் வளர்த்து வருகிறேன். இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு கறவை மாடு உண்டு, குதிரை அபூர்வம். இன்னொரு குதிரைக்குத் தீனி போட எனக்கும் வசதி இல்லை. ஆனால் குதிரை மந்தையோடு வாழப் பிறந்த பிராணி. வந்த கொஞ்ச நாளிலேயே மல்லி லாயத்துக் கதவருகே நின்று, முன்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றித் தலையை இடமும் வலமுமாக ஆட்டத் தொடங்கினாள். பார்க்க வந்தவர்கள் அழகாக ஆடுகிறது என்றார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடைபட்டுத் தனியாகக் கிடக்கும் குதிரைக்கு வரும் கோளாறு அது.

எங்கள் பசுவை அருகில் கட்டிப் பார்த்தோம். பசு மல்லியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொம்பும் கூர்மையானது. அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

பிறகு பொய்கை செவ்வாய்ச் சந்தையில் கொம்பில்லாத இரண்டு வெள்ளாடுகளைப் பிடித்து வந்தேன். ஒன்று போதுமே என்று அம்மா சொன்னாள். ஒன்றை மருத்துவரிடம் கொண்டுபோக நேர்ந்தாலும் மற்றொன்று மல்லியோடு இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எடுத்த எடுப்பில் ஒன்றாக விடவில்லை. சிறிய பிராணியைக் குதிரை துரத்தி மிதித்துவிடக் கூடும் என்பதால் நடுவில் மூங்கில் வேலி கட்டினேன். முதலில் மல்லி காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு முறைத்தாள். பிறகு வேலியிடுக்கில் மூக்கை நுழைத்து ஆட்டின் முதுகை மோந்தாள். காதுகள் முன்னுக்கு நிமிர்ந்தபின்தான் வேலியைப் பிரித்தேன்.

இப்போது கறுப்பு ஆடு பின்னங்கால்களில் எழுந்து அகத்திக் கிளையை வளைக்கிறது. வளைந்து வரும் கிளையில் மல்லி தன் பங்கை இழுத்துக்கொள்கிறாள். தலையாட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. தீனி வைக்கும் நேரத்தில் மட்டும் இன்னும் வருகிறது. ஒருமுறை படிந்த பழக்கம் முழுதாகப் போவது கடினம்.

உண்மையான வேலை தீனியில்தான். "ஏன் தம்பி, மாட்டுக்குப் போடுவதையே இதற்கும் போட்டால் என்ன?" என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கேட்டார். கூடவே கூடாது. மாட்டுக்காக எல்லோரும் நடும் கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் மிகுதி. மாட்டின் அசையூண் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ள, நாளடைவில் எலும்பு கரைந்து முகம் வீங்கிவிடும். ஆகவே மல்லிக்கு அருகம்புல்லும் குதிரை மசால் என்னும் தீவனப் பயிரும்தான் முக்கியம். வேர்க்கடலைக் கொடி நம் ஊரில் தாராளமாகக் கிடைத்தாலும், மழையில் நனைந்து பூசணம் பிடித்ததைத் தொடவே மாட்டேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கெட்டது உள்ளே போனால் வயிற்றுவலியில் புரண்டு உயிரையே விட்டுவிடும்.

கோழித் தீவனத்தைத் தனி அறையில் பூட்டி வைக்கிறேன். ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கப்படும் மோனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் சிறிதளவு போனாலே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துவிடும். கலப்புத் தீவனம் வாங்குபவர்கள் மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். மறுபக்கமும் கவனம் வேண்டும்: மல்லிக்கு வேகவைத்த கொள்ளை ஆடுகள் வயிறு முட்டத் தின்றால் செரிமானம் கெட்டுச் சாய்ந்துவிடும். அதனால் தொட்டியை ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் சுவரில் பொருத்தினேன். அவள் தின்று முடிக்கும் வரை ஆடுகள் வெளியே.

குடற்புழு விஷயத்தில் இந்தக் கூட்டணி லாபம். ஆட்டுப் புழுக்களில் பெரும்பாலானவை குதிரைக்குள் வளர்வதில்லை, குதிரைப் புழுவும் அப்படியே. ஒரே நிலத்தில் மாறி மாறி மேயும்போது புல்லில் இருக்கும் ஒன்றின் இளம்புழுக்களை மற்றொன்று தின்று அழித்துவிடுகிறது. கழுதை மல்லிக்கு இன்னும் நெருங்கிய துணையாக இருக்கும். ஆனால் அதன் புழுக்கள், நுரையீரல் புழு உட்பட, குதிரைக்கும் தொற்றும். பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு கழுதை விலைக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். சாணத்தைக் கால்நடை மருத்துவமனையில் பரிசோதித்துப் பார்த்த பிறகே பேரம் பேசப் போகிறேன்.