நரைத்த பம்பரும் செம்மண் புழுதியும்: ஆறு வார வேலைக் குறிப்பு

எட்டு வருஷமாகக் காரைக்குடியில் தெருவிலேயே நிற்கும் கார். பெயின்ட் அடிக்காத கருப்பு பிளாஸ்டிக் முழுக்க நரைத்துவிட்டது: முன் பம்பரின் அடிப்பகுதி, சக்கரத்தைச் சுற்றி வளைந்து நிற்கும் வீல் ஆர்ச் கிளாடிங், சைடு மிர்ரரின் அடிக்கட்டை, வைப்பருக்குக் கீழே இருக்கும் கவுல். மேற்கு வெயில் அடிக்கும் பக்கம் இன்னும் மோசம். இவை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்தோலை அரித்துக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும். வெளிச்சம் அங்கே சிதறுவதால்தான் கருப்பு சாம்பலாகத் தெரிகிறது. அதற்குள் செம்மண் போய் உட்கார்ந்தால் சாம்பல் பழுப்பாகிவிடும்.

முதல் நாள். காலை ஏழு மணிக்குள் தொடங்க வேண்டும், பிளாஸ்டிக்கைத் தொட்டால் கை சுடக்கூடாது. காய்ந்த புழுதியைத் துணியால் துடைத்தால் மண்ணே உப்புத்தாளாகிப் பக்கத்துப் பெயின்டில் கோடு போடும். அதனால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கி, பிறகுதான் கார் ஷாம்பு. அடுத்து ஆல் பர்ப்பஸ் கிளீனர்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மி.லி. தெளித்து இரண்டு நிமிஷம் ஊறவிட்டு, காய்வதற்குள் மென்மையான பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பம்பரின் சொரசொரப்பில் ஒவ்வொரு குழியும் ஒரு கிண்ணம் மாதிரி மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. முதல் தடவை நுரை செங்கல் நிறத்தில் இறங்கியது, இரண்டாம் தடவை டீ நிறம், மூன்றாம் தடவைதான் வெள்ளை. ஒரு வீல் ஆர்ச்சுக்குக் கால் மணி நேரம் ஆனது. மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான், இதில் அவசரப்பட்டால் மேலே எதைப் பூசினாலும் நிற்காது.

போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் உப்புத் திட்டு விழும், உடனே ஒற்றி எடுக்க வேண்டும். பழைய திட்டுக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி, ஒரு நிமிஷம், பிறகு நன்றாகக் கழுவல். பழைய வாக்ஸ் விட்டுப்போன வெள்ளைக் கோடுகளைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரே எடுத்துவிட்டது.

எண்ணெய்ச் சோதனை. ஆத்தங்குடிக் கல் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பு ஏற்றுகிற ஊர் இது. அதே பழக்கத்தில் பம்பருக்கும் எண்ணெய் பூசுகிறார்கள். பின் பம்பரில் ஒரு சாண் பூசிப் பார்த்தோம். அன்றைக்கு நல்ல கருப்பு. நாலாம் நாள் புழுதி அதில் குழைந்து அப்பளமாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் போட்ட டயர் பாலிஷ் முதல் தூறலிலேயே வழிந்து பெயின்டில் கோடு இழுத்தது. இரண்டையும் எடுக்க மூன்று முறை கிளீனர் போட வேண்டியிருந்தது. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடாக்கினாலும் கருப்பு வரும், ஆனால் சில மாசத்தில் மறுபடி நரைக்கும். கை ஒரு நொடி நின்றால் சொரசொரப்பு உருகி வழவழப்பாகிவிடும். அதைத் தொடவில்லை.

மூன்றாம் நாள். டிரிம்முக்கென்று, அதாவது பெயின்ட் அடிக்காத இந்தக் கருப்பு பிளாஸ்டிக்குக்கென்று வரும் சிலிக்கா கோட்டிங், 30 மி.லி. பாட்டில். ஒரு காருக்குத் தாராளம். முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடைத்தோம். ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப். ஓரடி நீளத்துக்கு நாலு சொட்டு, அதற்குமேல் வேண்டாம். பாட்டிலில் இரண்டு நிமிஷம் கழித்துத் துடைக்கச் சொல்லியிருக்கும். நம்ம ஊர் வெக்கையில் நிழலில்கூட ஒரு நிமிஷத்துக்குள் இறுக ஆரம்பித்துவிடுகிறது. தாமதித்தால் பளபளவென்று திட்டு நிற்கும். ஒரு மணி நேரம் விட்டு இரண்டாம் பூச்சு, பிறகு 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. பூசிய துணி காய்ந்ததும் கெட்டியாகிக் கீறும், தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

மிர்ரர் கட்டையில் மட்டும் டேப் ஒட்டாமல் விட்டுவிட்டோம். ஒரு சொட்டு பெயின்டில் விழுந்து ராத்திரியில் இறுகியது, பெயின்டை மெருகேற்றும் காம்பவுண்டு போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க முடிந்தது.

கதவு ரப்பர் பீடிங்குக்குப் பெட்ரோல், மண்ணெண்ணெய், வாசலைன் எதுவும் ஆகாது, அந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். துடைத்துவிட்டுக் கொஞ்சமே கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ். குரோம் பட்டையைப் பித்தளை விளக்கு மாதிரி போட்டுத் தேய்க்க வேண்டாம், உள்ளே இருப்பது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், மேலே இருப்பது மெல்லிய பூச்சு. தேய்ந்தால் திரும்ப வராது.

ஆறாம் வாரம். பம்பரிலும் மிர்ரர் கட்டையிலும் தண்ணீர் இன்னும் முத்து முத்தாக உருள்கிறது. முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கிளாடிங்கில் மட்டும் பரவி நிற்கிறது, டயர் வாரி அடிக்கும் சரளை அங்கே பூச்சைத் தின்றுவிட்டது. அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி ஒரு பூச்சு. கவுல் தேறவில்லை. விரலால் தடவினால் கருப்புப் பொடி வருகிறது, ஓரத்தில் விரிசலும் விட்டிருக்கிறது. அந்த அளவுக்குப் போன பிளாஸ்டிக்கைக் கோட்டிங் காப்பாற்றாது, புதுசு வாங்கி மாட்டும் அன்றே பூசிவிட வேண்டும்.